சாலையோரக் கல்லும் ஊர்க்கதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் நிற்கும் பழைய கற்கள், நினைவுத்தூண்கள், அறிவிப்புப் பலகைகள் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே. பாதிக் கேள்விகள் “எங்க ஊர்ல ஒரு கல்லு இருக்கு” என்றுதான் ஆரம்பிக்கும். அது சரியான ஆரம்பம்தான். கல் எந்த ஊரில், எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

எதையெல்லாம் சாலையோர வரலாற்றுச் சின்னம் என்று சொல்லலாம்?

தொல்லியல் துறையின் நீலப் பலகை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நடுகல், சதிக்கல், சுமைதாங்கிக் கல், ஆவுரஞ்சிக் கல், பழைய தூரக்கல், கோயில் நிலத்தின் எல்லைக்கல், ஏரி மடையில் நிற்கும் கல்வெட்டுத் தூண், சத்திரத்து வாசல் கல்வெட்டு, முதல் உலகப்போர் நினைவுப் பலகை, சுதந்திரப் போராட்ட ஸ்தூபி எல்லாமே இதில் அடங்கும். ஊரார் எதையோ மறக்கக்கூடாது என்று நினைத்து, போகிற வருகிறவர் கண்ணில் படும்படி நட்டு வைத்தது என்றால் அது இந்தக் கணக்கில் சேரும்.

பேருந்து நிழற்குடையில் “தலைமை”, “முன்னிலை”, “திறந்து வைத்தவர்” என்று பதினைந்து பெயர்களோடு ஒட்டியிருக்கும் பளிங்குக் கல்லும் சேருமா என்று கேலியாகக் கேட்பார்கள். சேரும். நூறு வருடம் கழித்து அதையும் யாராவது படியெடுப்பார்கள். நிழற்குடை இருக்குமா என்பது வேறு விஷயம்.

வழியோரத்தில் கல் நடும் பழக்கம் எவ்வளவு பழையது?

தொல்காப்பியம் நடுகல் எடுப்பதை ஆறு படிகளாகவே சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. அதாவது கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது, நாள் பார்த்து எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. அகநானூறு இன்னும் நேரடி: “பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்.” அதர் என்பது வழி. செத்தவன் பெயரையும் அவன் பெருமையையும் எழுதி, மயிற்பீலி சூட்டி, வழிநெடுக நட்டிருக்கிறார்கள்.

பாட்டில்தான் இருக்கிறது, கையில் கல் எங்கே என்று நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அதில் ஒன்றின் வாசகம்: “கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்.” ஆகோள் என்றால் மாடு பிடிக்கும் பூசல். கூடலூர் ஆகோளில் இறந்த, பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல். அவ்வளவுதான் வாசகம். அடைமொழி கிடையாது, புகழ்ச்சி கிடையாது.

எங்கள் ஊர்க் கல் நடுகல்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் உருவத்தைப் பாருங்கள். ஆள் உருவம் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் வைத்திருக்கும். உடம்பில், தொடையில் அம்பு தைத்திருக்கும். காலருகே சின்னதாக ஒரு கெண்டியோ சிமிழோ இருக்கலாம். பக்கத்தில் மாடுகள் இருந்தால் அது ஆநிரைப் பூசல். பிற்காலக் கற்களில் இரண்டு மூன்று அடுக்காகச் செதுக்குவதும் உண்டு. கீழே சண்டை, நடுவில் வீரனைத் தேவமகளிர் தூக்கிப்போவது, மேலே அவன் சிவலிங்கத்துக்கு முன் உட்கார்ந்திருப்பது. அதைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

அடுத்தது ஊர்ப்பெயர். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகல்லை “வேடியப்பன்” என்று கும்பிடுகிறார்கள். மஞ்சள் துணி கட்டி, எண்ணெய் பூசி, பொங்கல் வைக்கிற சாமி ஆயிரத்து முந்நூறு வருடம் முன்பு செத்த ஒரு மாட்டுக்காவல்காரராக இருக்கலாம். செங்கம் வட்டாரத்தில் மட்டும் இப்படிப்பட்ட கற்கள் ஏராளம். தமிழக அரசின் தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு “செங்கம் நடுகற்கள்” என்று தனி நூலே வெளியிட்டது. அவற்றில் பல வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் இருப்பவை. அதனால் “தமிழ் மாதிரியும் இருக்கு, படிக்கவும் முடியல” என்றால் வட்டெழுத்தாக இருக்க நல்ல வாய்ப்பு.

நாய்க்குக் கூட நடுகல் இருக்கிறதாமே?

இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல்லில், எருமைகளுக்காக நடந்த பூசலில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரன் செதுக்கப்பட்டிருக்கிறான். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டுக் கல், ஏழாம் நூற்றாண்டு. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. நாய்க்கென்று தனியாக வாசகம் உண்டு. கோவிவன் என்னும் நாய், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது.

இந்தக் கல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மகேந்திரவர்மன் பெயர் ஆண்டுக் கணக்குக்காக முதல் வரியில் வருகிறது. அவன் எடுத்த குகைக்கோயில்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஊருக்கு வேண்டியது எருமை, எருமைக்காகச் செத்த ஆள், அவனை விட்டு ஓடாத நாய். பாடநூலில் அரசன் நடுவில் நிற்பான். ஊர்க்கல்லில் அவன் தேதி சொல்ல வந்தவன்.

கோழிக்கும் கல் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்துக் கல்லில் ஒரு சண்டைக்கோழி கழுத்தை நிமிர்த்தி நிற்கிறது, முகையூர் மேற்சேரிக் கோழி என்ற வாசகத்தோடு. சேவற்கட்டு எப்பேர்ப்பட்ட கௌரவப் பிரச்சினை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம்.

புலிகுத்திக் கல், சதிக்கல் என்பவை?

புலியோ சிறுத்தையோ மாட்டுப்பட்டியில் இறங்கும்போது எதிர்த்து நின்று இறந்தவருக்கு எடுத்தது புலிகுத்திக் கல். கொங்குப் பகுதியில் அதிகம். பின்னங்காலில் நிற்கும் புலியின் வயிற்றிலோ வாயிலோ ஈட்டி இறங்கியிருக்கும். கணவனோடு தீயில் இறங்கிய பெண்ணுக்கு எடுத்தது சதிக்கல். வளையல் போட்ட கை உயர்த்திக் காட்டப்பட்டிருக்கும், அல்லது கணவன் மனைவி இருவரும் சேர்ந்து நிற்பார்கள். பல ஊர்களில் அது “வீரமாத்தி”, “தீப்பாஞ்சம்மன்” என்று கோயிலாகிவிட்டது. அவள் விரும்பித்தான் இறங்கினாளா என்ற கேள்விக்குக் கல்லில் பதில் இருக்காது. கல்லை எடுத்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள்.

வெள்ளைக்காரர் வருவதற்கு முன்னால் தூரம் காட்டும் கல் இருந்ததா?

நன்றாகவே இருந்தது. தர்மபுரி வட்டாரத்தில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல், “அதியமான் பெருவழி நாவற்றாவளத்துக்குக் காதம் 29” என்கிறது. தாவளம் என்றால் வணிகர்கள் தங்கும் இடம். எழுத்துக்குக் கீழே பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது. பெரியது பத்து, சின்னது ஒன்று. எழுத்துப் படிக்கத் தெரியாத வண்டிக்காரர் விரலால் தடவியே இருபத்தொன்பது காதம் என்று தெரிந்துகொள்வார். இருட்டிலும் வேலை செய்யும். இன்றைய வழிகாட்டிப் பலகை எழுதுபவர்கள் இந்தக் குழிகளை ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

சேலம் மாவட்டம் ஆறகழூரிலும் இப்படி ஒன்று உண்டு. “மகதேசன் பெருவழி”, காஞ்சிபுரத்துக்கு 16 காதம், அதற்குப் பதினாறு குழிகள். காதம் என்பது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் ஒரே விடை சொல்ல முடியாது. ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறிய அளவு அது.

கோயம்புத்தூரில், பாலக்காட்டுக் கணவாய்க்குப் போகும் பழைய பாதையில், “இராசகேசரிப் பெருவழி” என்று பாறையில் வெட்டியிருக்கிறது. ஒரே செய்தி வட்டெழுத்திலும் தமிழ் எழுத்திலும். ஆதித்த சோழன் காலத்தது எனக் கருதப்படுகிறது. மேற்கே இருந்து வருபவருக்கு ஒரு எழுத்து, கிழக்கே இருந்து வருபவருக்கு ஒரு எழுத்து. இரண்டு மொழிப் பலகைக்கு முன்னோடி என்றே சொல்லலாம்.

இன்றைய மைல்கல்லில் நிறம் ஏன் மாறுகிறது?

மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை, கறுப்போ நீலமோ என்றால் மாவட்ட, நகரச் சாலை. கிலோமீட்டருக்கு மாறி அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் “மைல்கல்” என்றுதான் சொல்கிறோம். உண்மையான மைல்கல், அதாவது மைலில் எண் வெட்டிய பழைய கருங்கல், இன்னும் சில இடங்களில் பாதி புதைந்து நிற்கிறது. ரோமன் எண்ணும் தமிழ் எண்ணும் சேர்ந்து இருப்பவையும் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் போனால் கண்ணை ஓட்டுங்கள்.

சுமைதாங்கிக் கல் யாருக்காக நட்டது?

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக. இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாள். வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கி வைத்தால் அவள் ஆறுவாள் என்பது நம்பிக்கை.

கட்டுமானம் ரொம்ப எளிது. நிற்கும் கல் இரண்டு, அதன்மேல் படுக்கைக் கல் ஒன்று. உயரத்தில்தான் விஷயம் இருக்கிறது. தலைச்சுமையோடு வரும் ஆள் குனியாமல், இன்னொருவர் கைகொடுக்காமல், தானே இறக்கித் தானே ஏற்றிக்கொள்ளும் உயரம். கிட்டத்தட்ட நெஞ்சு அளவு, சில இடங்களில் தோள் அளவு. படுக்கைக் கல்லின் பக்கவாட்டில் பெயரும் வருடமும் யார் உபயம் என்பதும் வெட்டியிருக்கலாம். நிறைய கற்களில் செய்து வைத்தவர் பெயர் இருக்கும், இறந்தவள் பெயர் இருக்காது. கல்லைப் பார்த்தால் அதையும் கவனியுங்கள்.

பக்கத்தில் தனியாக ஒரு சொரசொரப்பான தூண் நின்றால் அது ஆவுரஞ்சிக் கல். மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள. அப்புறம் ஒரு கிணறோ குளமோ, ஒரு மரம், ஒரு மடம். யாழ்ப்பாணத்திலும் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக் கல் எல்லாம் சேர்ந்தே இருக்கும். ஒன்று கண்ணில் பட்டால் மற்றதைச் சுற்றுமுற்றும் தேடலாம்.

வயல்வரப்பில் சூலம் செதுக்கிய கல் நிற்கிறது. செய்வினையா?

இல்லை, பயப்படாதீர்கள். அது பத்திரப்பதிவு மாதிரி. சிவன் கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையில் சூலக்கல் நடுவார்கள். பெருமாள் கோயில் நிலம் என்றால் சக்கரம் பொறித்த திருவாழிக்கல். சமணப் பள்ளிக்கு விட்ட நிலத்தில் முக்குடைக்கல். இன்று சமணர் ஒருவர்கூட இல்லாத ஊரில் முக்குடைக்கல் கிடைத்தால், அந்த ஊருக்கு வேறொரு கதை இருந்தது என்று பொருள்.

இப்படிப்பட்ட கல்வெட்டுகளின் கடைசி வரியில்தான் சுவாரசியம். இந்தத் தர்மத்தைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபம் இருக்கும். காப்பாற்றுகிறவருக்கு மரியாதையும் உண்டு: இதைக் காத்தவன் பாதம் என் தலைமேல். கொடை கொடுத்தவனே, பின்னால் வரப்போகிற முகம் தெரியாத ஒருவன் காலைத் தலையில் வைத்துக்கொள்கிறேன் என்கிறான். சட்டம், போலீஸ் எதுவும் எட்டாத காலத்துக்கும் சேர்த்து எழுதிய வரி அது.

எழுத்தே இல்லாத கல்லுக்கும் வரலாறு உண்டா?

கயத்தாறு நல்ல உதாரணம். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று அங்கே தூக்கிலிடப்பட்டார். கும்பினி ஆட்சியில் அவருக்கு யார் நினைவுச்சின்னம் வைக்க முடியும்? போகிறவர் வருகிறவர் அந்த இடத்தில் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள். 1847-இல் அங்கே வந்த கால்டுவெல், அப்படிச் சேர்ந்த பெரிய கற்குவியலைப் பார்த்ததாகத் திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட ஐம்பது வருடம், தலைமை கிடையாது, வாசகம் கிடையாது, பெயர் கிடையாது. இன்று அந்த ஊரில் முறையான சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. எனக்கு அந்தக் குவியல்தான் பெரிய நினைவுச்சின்னமாகப் படுகிறது.

ஆங்கிலத்தில் எழுதிய பழைய பலகைகள் எதைச் சொல்கின்றன?

மூன்று வகை அதிகம் கண்ணில் படும்.

முதலாவது, போர்ப் பலகை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்குப் போனவர்கள் 277 பேர், அதில் உயிர்விட்டவர்கள் 14 பேர் என்று எழுதியிருக்கிறது. இதே அச்சில் எழுதிய பலகைகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. புலிமான்கோம்பைக் கல்லில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு ஆளுக்குப் பெயர் இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் இப்படியொரு பலகை இருந்தால், அதில் சொல்லும் ஆட்களில் ஒருவர் குடும்பம் இன்னும் அதே தெருவில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, சம்பவம் நடந்த இடம். சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் எம்டன் பலகை இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் நகரத்தின்மேல் குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பலகையை நின்று படிப்பவர்கள் குறைவு. ஆனால் “அவன் சரியான எம்டன்” என்று சொல்லாத வீடு கிடையாது. அந்த ஒரு இரவுக்கு நிஜமான நினைவுச்சின்னம் பேச்சுவழக்கில்தான் நிற்கிறது.

மூன்றாவது, நில அளவைக் கல். கோயில் படியிலோ பாலத்திலோ ஜி.டி.எஸ். (மாபெரும் முக்கோண நில அளவை), பி.எம். (உயரக் குறி) என்ற ஆங்கில எழுத்துகள் வெட்டியிருந்தால் அது கடல்மட்டத்திலிருந்து உயரம் குறித்த கல். அந்த மாபெரும் முக்கோண அளவைக்கு 1802-இல் ஆங்கிலேய அதிகாரி லாம்டன் முதல் அடிக்கோடு அளந்தது நம்முடைய பரங்கிமலையிலிருந்துதான். அதே கணக்குதான் பிற்பாடு இமயமலை வரை போனது.

போராட்டங்களுக்கு நினைவுத்தூண்கள் எங்கே உண்டு?

வேதாரண்யம் அருகே அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக ஸ்தூபி இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியில் கிளம்பிய கூட்டம் அங்கேதான் ஏப்ரல் 30-இல் உப்பு அள்ளியது. கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் 1741-இல் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களை வென்றதற்கு வெற்றித்தூண் உண்டு. அங்கே பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியானார். நாகர்கோவில்–திருவனந்தபுரம் சாலையில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் வாசகத்தோடு இருக்கிறது.

நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வெண்மணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அங்கே நினைவுச்சின்னம் எழுப்பியது கம்யூனிஸ்ட் இயக்கம், அரசாங்கம் அல்ல. எந்தச் சாவுக்குக் கல் நட்டிருக்கிறது என்று பார்க்கும்போது, யார் நட்டது என்றும் பார்க்க வேண்டும். நடாமல் விட்ட சாவுகளின் பட்டியல் எப்போதும் நீளமானது.

பலகையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பலாமா?

பழைய கல்லை ஓரளவு நம்பலாம். புதிய பலகையைக் கேள்வி கேட்டுத்தான் படிக்க வேண்டும். சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைக்குப் “பஞ்சபாண்டவர் படுக்கை” என்று பெயர் வைத்த ஊர்கள் எத்தனையோ. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் சம்பந்தமில்லை. அவை பல்லவர் வேலை. ஒவ்வொரு கோட்டையிலிருந்தும் இன்னொரு ஊருக்குச் சுரங்கப்பாதை போகும், எல்லாவற்றையும் பாம்பு கடிக்கிறது என்று மூடியிருப்பார்கள்.

இதற்காக ஊர்க்கதையைத் தூக்கிப் போட வேண்டாம். “இப்படி எழுதியிருக்கிறது” என்பதையும் “இப்படிச் சொல்கிறார்கள்” என்பதையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் போதும். “ஐயாயிரம் ஆண்டுப் பழமை” என்று ஆதாரம் இல்லாமல் எழுதிய பலகையைவிட, “இது யாருடைய கல் என்று எழுத்து இல்லை, ஊரார் வேடியப்பன் என்று வணங்குகிறார்கள்” என்ற பலகை நேர்மையானது.

கல்லில் உள்ள ஆண்டைக் கணக்கிடுவது எப்படி?

சகம் என்று இருந்தால் 78 கூட்டுங்கள். கொல்லம் ஆண்டுக்கு 825, பசலிக்கு 590 கூட்ட வேண்டும். கலியுக ஆண்டில் 3101 கழிக்க வேண்டும், இன்றைய அரசுப் பலகைகளில் வரும் திருவள்ளுவர் ஆண்டில் 31. எல்லாவற்றிலும் ஒரு வருடம் முன்பின் வரலாம், ஏனென்றால் அவற்றின் புத்தாண்டு ஜனவரியில் இல்லை.

பிரபவ முதல் அட்சய வரை உள்ள அறுபது பெயர்களில் ஒன்று மட்டும் இருந்தால் சிக்கல். சித்தார்த்தி என்றால் 1799-ஆ, 1859-ஆ, 1919-ஆ? எழுத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கூடவே சகம் 1721 என்று இருந்தால் கவலையே இல்லை, 1799 என்று உறுதியாகிவிடும். ஆட்சியாண்டு மட்டும் உள்ள கல் என்றால் எந்த அரசன் என்று தெரிந்தால்தான் மேலே நகர முடியும். எண்கள் தமிழில் இருக்கும்: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். இருபத்தொன்பதை ௨௰௯ என்று எழுதுவார்கள்.

எழுத்து மங்கியிருக்கிறது. மாவு பூசிப் படிக்கலாமா?

வேண்டாம். மாவு, சுண்ணாம்பு, சாக்பீஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஆசிட் ஊற்றிக் கழுவியவர்களும் உண்டு. அதோடு எழுத்தும் போய்விட்டது. வெறும் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். சாயங்காலம் இருட்டின பிறகு டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். பகலில் சமமாகத் தெரிந்த கல்லில் எழுத்தின் பள்ளமெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். டார்ச்சை ஒவ்வொரு பக்கமாக மாற்றி நாலைந்து படம் எடுங்கள். ஒரு படத்தில் அளவுகோல் இருக்கட்டும். இன்னொரு படம் தள்ளி நின்று, சாலையும் மரமும் தெரியும்படி எடுக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படி பயிற்சி உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

புதிதாக ஒரு கல்லைக் கண்டுபிடித்தால் யாரிடம் சொல்வது?

கிராம நிர்வாக அலுவலரிடம் அல்லது தாசில்தாரிடம் எழுத்தில் கொடுங்கள். மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் நகல் போகட்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் ரசீது கிடைக்கும். மண்ணுக்குள்ளிருந்து சிலை, காசு, செம்பு, பொன் கிடைத்தால் அது 1878-ஆம் வருட இந்தியப் புதையல் சட்டத்தின் கீழ் வரும். பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் என்றாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் 1878-இல் போட்ட கணக்கு.

பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கல்லைக் கோயிலுக்குள் எடுத்துப்போய் வைக்கலாமா?

நல்ல எண்ணம்தான், ஆனால் செய்யாதீர்கள். தூரக்கல்லை நகர்த்தினால் தூரம் பொய்யாகிவிடும். எல்லைக்கல்லை நகர்த்தினால் எல்லை போச்சு. நடுகல் பெரும்பாலும் பூசல் நடந்த இடத்திலோ பழைய பாதையிலோ நிற்கும். அதை வைத்துத்தான் மாடு எந்தப் பக்கம் போனது, பாதை எந்தப் பக்கம் திரும்பியது என்றே யோசிக்க முடியும். அறைக்குள் வரிசையாகச் சிமெண்ட் போட்டு நிறுத்திய கற்கள் அழகாக இருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று பத்து வருடத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சாலை அகலப்படுத்துகிறார்கள், கல் நடுவில் வருகிறது. என்ன செய்வது?

இங்கே மட்டும் நகர்த்துவது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். பொக்லைன் வருவதற்கு முன்னால் மனு போக வேண்டும், வந்த பிறகு அல்ல. ஆட்சியருக்கும் சாலை எந்தத் துறையுடையதோ அந்தத் துறைக்கும் படத்தோடு, செல்போனில் எடுத்த இடக்குறிப்போடு எழுதுங்கள். நகர்த்தினால் அதே சாலையில், அதே பக்கம், முடிந்தவரை அருகில் நடக் கேளுங்கள். பழைய இடத்தின் அளவுகளைப் புதுப் பலகையில் குறிக்கச் சொல்லுங்கள். எழுத்து வெட்டிய கல் பாலத்துக்கு அடியில் பலகையாகவும், வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லாகவும் போய்ச் சேர்வது இப்படிப்பட்ட வேலைகளின்போதுதான்.

சட்டப் பாதுகாப்பு என்ன இருக்கிறது?

மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம். 2010 திருத்தத்தின்படி, சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநில அரசின் சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம். நீலப் பலகை இதையெல்லாம் விவரமாகச் சொல்லும். கல் யாருடையது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. பட்டியலில் சேராத கற்கள்தான் மிக அதிகம். அவற்றுக்கு ஊரின் அக்கறையை விட்டால் காவல் கிடையாது.

எங்கள் ஊர்க் கல்லுக்கு நாங்களே பலகை வைக்கலாமா?

வைக்கலாம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் தொல்லியல் துறையிடம் கேட்க வேண்டும். இல்லையென்றால் நிலம் யாருடையது என்று பார்த்து ஊராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ அனுமதி வாங்குங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் ஒன்றில் தீர்மானம் போட்டால் வேலை சுலபம். பலகையைக் கல்லில் ஆணியடித்து மாட்டாமல், இரண்டடி தள்ளித் தனிக்காலில் நிறுத்துங்கள். பிளக்ஸ் ஒரு கோடைக்குத்தான் தாங்கும்.

வாசகம் எப்படி இருக்கலாம் என்பதற்கு எடுத்தனூர்க் கல்லையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதுவது: “பல்லாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த, தமிழரின் வீரத்தை உலகுக்குப் பறைசாற்றும் அரிய பொக்கிஷம்.” எந்த ஊர்க் கல்லுக்கும் இதை மாட்டலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: “ஏழாம் நூற்றாண்டு. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டில் எருமைகளுக்காக நடந்த பூசலில் இறந்த கருந்தேவகத்தியின் கல். வலப்புறமோ இடப்புறமோ தேடுங்கள், ஒரு நாய் தெரியும். அதன் பெயர் கோவிவன்.” படிக்கிறவர் பலகையை விட்டுக் கல்லைப் பார்க்கத் திரும்ப வேண்டும். பலகைக்கு அதுதான் வேலை. நன்கொடையாளர் பெயர்கள் கட்டாயம் வேண்டும் என்றால் பின்பக்கம் போடுங்கள்.

திருவிழாவுக்கு நடுகல்லுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். தடுக்கலாமா?

சண்டைக்குப் போகாதீர்கள். கும்பிடுகிறவர்கள் இருப்பதால்தான் அந்தக் கல் இன்னும் நிற்கிறது. எழுத்து இருக்கும் பகுதியில் மட்டும் எனாமல் பெயிண்ட் வேண்டாம், மஞ்சளும் சந்தனமும் போதும் என்று பூசாரியிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். எழுத்தைப் படித்து, சாமியின் நிஜப் பெயர் இதுதான் என்று சொன்னால் பாதி ஊர்களில் அவர்களே அடுத்த வருடம் டப்பாவை எடுக்க மாட்டார்கள்.